மாமி மரத்துக்குச் சொன்னவை

நான் மாப்பிள்ளையாகப் போன வீட்டில் என் மாமியோடு பதினொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தேன். அந்தப் பதினொரு வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்து நேரே கதைத்தது ஒரேயொரு தடவை. மற்றதையெல்லாம் மரத்துக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

வெளியூரார் இதைக் கேட்டால் இரண்டு பேருக்கும் கோபமாக்கும் என்று நினைப்பார்கள். ஒரு கோபமும் இல்லை. எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே குசினி, ஒரே அடுப்பு. மாமியும் மருமகனும் நாள் முழுக்க எதிரெதிரே வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் அந்தக் காலத்து மாமிமார் ஒரு மரியாதையைக் கட்டிக் காத்தார்கள். மருமகனின் செருப்புச் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவார்கள், மகள் மாப்பிள்ளையிடம் சொல்லுவாள்.

மகள் வீட்டில் இல்லாவிட்டால்? மற்ற மாமிமார் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். என் மாமிக்கு அது முடியாத காரியம். மனதில் ஒன்று தோன்றினால் அது அஸர் தொழுகைக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். ஆகவே ஆரம்பத்தில் கோழிகளுக்குச் சொன்னார்.

"ஏய் செங்கோழி, மருமகன் குடைய மறந்துட்டு வயலுக்குப் போறாரு. வாய் இருந்தும் நீ சொல்லமாட்டியா?"

நான் திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போவேன். ஆனால் கோழி நம்பிக்கையான ஆள் இல்லை. பாதிப் பேச்சில் எழும்பி ஓடிவிடும். மாமி அதன் பின்னால் ஓடிக்கொண்டே மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்.

ஆள் சிறிய ஆள். என் நெஞ்சளவுக்குத்தான் வருவார். இடுப்பில் சாவிக்கொத்து, கண்ணில் போத்தல் அடி போலத் தடித்த கண்ணாடி. என் கலியாணத்துக்கு முந்திய வருடம் மட்டக்களப்பில் கண்ணுக்குக் கத்தி வைத்து, கட்டுப் போட்டு, ஒரு கிழமை, ஏழு நாளும், படுத்திருந்தாராம். கட்டை அவிழ்த்தபோது யன்னலுக்கு வெளியே முதன்முதலாகக் கண்டது ஒரு மரம். இலையே தெரியாமல் உச்சி முழுக்கச் சிவப்பு. "நெருப்புப் பத்திட்டு எண்டு நெனச்சிக் கத்திட்டன்கா," என்று என் மனைவி பரீதாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். படித்தவர்கள் அதை செம்மயில்கொன்றை என்கிறார்கள். மே மாதத்தில் பூப்பதால் மாமி அதை மேமரம் என்றார். எங்கள் வீட்டில் அதுதான் பேர்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்புக்குப் போயிருந்தால் இன்றைக்கு எவனுக்காவது கைகட்டி நின்றிருப்பேன். பிறருடைய வயலில் வரம்பு கட்டப் போனவன், ஒரு கை மெசின் வாங்கினேன். இரண்டு சில்லும் கைபிடியும் உள்ள உழவு மெசின். ஒன்று இரண்டாகி, பிறகு நெல் குற்றும் மில்லும் ஆயிற்று. எங்கள் வீதியில் முன் மதில் கட்டி, அதில் கடற்சிப்பி பதித்த முதல் ஆள் நான்தான். பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆனால் ஒரு குறை இருந்தது. அந்த மதிலுக்கு உள்ளே இருந்த வீட்டை ஊர் இன்னும் மாமியைப் பெற்ற வாப்பாவின் பெயரால்தான் சொன்னது. நான் "அந்த வீட்டு மாப்பிள்ளை". அவ்வளவுதான். என்னால் பேர் வந்த ஒரு வீடு வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் வளவை மொட்டையடித்துவிட்டுப் போயிற்று. தென்னை, மா, முருங்கை ஒன்றும் மிச்சமில்லை. கோழியும் இல்லை. கூரை போட்டு நிமிர்ந்த பிறகு, கண்ணைத் திரும்பக் காட்ட மாமி மட்டக்களப்புக்குப் போனார். அவர் பார்த்த அந்த மரமும் வேரோடு விழுந்து கிடந்தது. கொப்பில் காய்ந்த காய்கள் தொங்கினவாம். ஒன்றை ஒடித்து, சேலைக்குள் மறைத்து, பஸ்ஸில் கொண்டு வந்தார். முழங்கை நீளம். கறுப்பு. ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம். "பக்கத்துல இருந்த ஆள் நான் வாள் கொண்டு போறன் எண்டு பயந்து எழும்பிட்டாருகா," என்று பரீதாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

விதை போடுவதில் அவர் செய்ததை நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விதை கல் மாதிரி. அப்படியே மண்ணில் புதைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். மாமி விதைகளைத் தண்ணீரில் போட்டு மிதந்ததையெல்லாம் எறிந்தார். தாழ்ந்ததில் நல்லதாக நாலை எடுத்து, முளை வரும் கூர்ப்பக்கத்தை விட்டுவிட்டு, மற்றப் பக்கத்தை அம்மியில் தேய்த்தார். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் தெரியும் வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு தேய் தேய்த்தால் விதை செத்துப்போகும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டார். மறுநாள் ஊறிய கடலை போல வீங்கிக் கிடந்தது. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால்மாத் தகரத்தில் பாதி மணல், பாதி மண், ஒரு பிடி மக்கிய எரு. விரல் நகம் மறையும் ஆழத்தில் ஊன்றி, வெயில் படும் இடத்தில் வைத்தார். எட்டாம் நாள் ஒன்று மட்டும் முளைத்தது.

அன்றைக்கே மாமிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. கோழியைப் போல ஓடாத ஆள்.

"கேட்டியா கண்டு," என்றுதான் தொடங்குவார். எங்கள் பக்கத்தில் கன்றைக் கண்டு என்போம். "கேட்டியா கண்டு, மருமகனுக்கு நேத்து மீன்கறி பிடிக்கல்லயாம். மில்லுல சொல்லிருக்காரு. என்னட்டச் சொன்னா நான் என்ன கடிச்சா திண்டுருவன்?"

தகரம் கையில் தூக்கக்கூடியது என்பதுதான் பெரிய ஆபத்து. நான் எந்தப் பக்கம் இருக்கிறேனோ அந்தப் பக்கத்துக்குத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். முக்காடு மூக்குவரை இருக்கும். தகரம் எனக்குப் பக்கத்தில் வந்தால் ஏதோ ஏச்சு வருகிறது என்று அர்த்தம். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து கசாயம் வேண்டாம் என்று திரும்பிப் படுத்தேன். கதவுக்கு வெளியே தகரம் வைக்கும் சத்தம். "கேட்டியா கண்டு, ரெண்டு கை மெசினையும் புடிச்சி உழுறாராம். ஒரு கோப்பைக் கசாயத்தக் கண்டு ஓடுறாரு. நீ சிரிக்காத, பாவம்."

குடித்தேன். வேறென்ன செய்வது?

கன்றுக்கு ஒரு குணம் இருந்தது. மயிலிறகு போன்ற அதன் இலை, பொழுது சாயும்போது தொட்டாற்சுருங்கி மாதிரி மடங்கிவிடும். மாமி அதை மதித்தார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் பேச்சை நிற்பாட்டிவிடுவார். "கண்டு தொழப் போயித்து," என்பார். ஆகவே எனக்கு வரும் ஏச்செல்லாம் மஃரிபுக்கு முன் முடிந்துவிடும். அந்த விஷயத்தில் மற்ற வீட்டு மாப்பிள்ளைமாரைவிட நான் கொடுத்துவைத்தவன்.

மழை தொடங்கியது. கன்று முழங்கால் உயரம். நிலத்தில் நட வேண்டும். எனக்கு அப்போதுதான் ஆசை பிடித்தது. கேற்றுக்குப் பக்கத்தில், என் சிப்பி மதிலை ஒட்டி நட்டால் மெயின் ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்தே தெரியும். ஊரார் வழி சொல்லும்போது "சிவப்புப் பூ மரத்து வீடு" என்பார்கள். அந்தப் பழைய பேர் போய்விடும். குழி தோண்டத் தொடங்கினேன். பின்னால் தகரம் வந்து உட்கார்ந்தது.

"கேட்டியா கண்டு, இதுட வேர் கீழ போறதில்ல. மேலால ஓடும், பாம்பு மாதிரி. அஞ்சாறு வருசத்துல மதில் வெடிக்கும். சிப்பியெல்லாம் திரும்பிக் கடலுக்குப் போயிரும்."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். மதில் நான் கட்டியது. மாமி மதிலில் இருந்தும் கிணற்றில் இருந்தும் பத்துப் பத்து எட்டு நடந்து, முற்றத்தில் நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் காலால் ஒரு வட்டம் கீறிவிட்டுப் போனார். வீட்டுக்கு மேற்குப் பக்கம். கடலின் உப்புக்காற்று அங்கே வீட்டில் முட்டித் திரும்பிவிடும். அங்கேதான் நட்டேன். காற்றுக்கு முறியாமல் ஒரு கம்பு நாட்டி, சேலைக்கரைத் துணியால் தளர்வாகக் கட்டியது அவர். ஆள் உயரம் வரும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிக் கிள்ளி ஒரே தண்டாக வளர்த்ததும் அவர்தான். தலைக்கு மேலே போன பிறகு கிளைக்க விட்டார். குடை மாதிரி விரிந்தது.

தகரத்திலிருந்து இறங்கிய பிறகு மரத்தைத் தூக்க முடியவில்லை. அதற்கும் வழி கண்டார். என் பின்னேரத் தேத்தண்ணியை மரத்தடியில் கொண்டுபோய் வைக்கப் பரீதாவிடம் சொன்னார். தேத்தண்ணி எங்கே இருக்கிறதோ அங்கே நானும் போக வேண்டும்தானே.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நான் பிழை விட்டதை வேறு யாரும் சொல்ல நான் விடுவதில்லை.

நான் இருபது ஏக்கர் வெள்ளாமை செய்தவன். பயிர் வெளிறினால் யூரியா எறிவேன், தண்ணீர் கட்டுவேன், மூன்றாம் நாள் கரும்பச்சையாக எழும்பும். பயிர் என்றால் எல்லாம் பயிர்தானே? மேமரத்துக்கும் அதையே செய்தேன். மாதத்துக்கு ஒரு பால்மாப் பேணி நிறைய யூரியா. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் முழுவதும் மரத்தடிக்கு ஓடிவரச் சிமெந்து வாய்க்கால் கட்டினேன். மரம் எழும்பியது பாருங்கள்! மூன்றாம் வருடம் கூரையைத் தாண்டியது. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. தேத்தண்ணிக் கடையில் போய் என் மரத்தின் உயரத்தைச் சொல்லாத நாளில்லை.

மே மாதம் வந்தது. ரோட்டோரத்து மரங்கள் சிவந்தன. எங்கள் மரத்தில் இலை. அடுத்த மே. இலை. தேத்தண்ணிக் கடையில் லாபீர் இருப்பான், சைக்கிள் திருத்துகிறவன். எனக்கு மச்சான் முறை. ஆகவே வாய்க்குப் பூட்டு இல்லை.

"மச்சான், உன்ட மரம் ஆம்பிளை மரமாக்கும். தாடிதான் வளருது, பூக்காது."

"உனக்கென்னடா தெரியும்? டியூப் ஒட்டுறவன் டியூப்பப் பாரு."

"ஒட்டலாம் மச்சான். உன்ட மரத்துல வேணுமெண்டா சிவப்பு டியூப்ப வெட்டிப் பூ மாதிரி ஒட்டித் தாறன். பஸ்ஸுல போறவனுக்கு வித்தியாசம் தெரியாது."

கடை முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "வாற மே மாசம் கடைசி நாளுக்குள்ள பூக்காட்டி என்ட கையால தறிப்பன். கட்டைய நீயே தள்ளுவண்டில ஏத்திட்டுப் போ," என்றேன். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். நான் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பேரில்தான் எனக்கு ஊர் நெல் தந்தது. அதை ஒரு மரத்துக்காக விட முடியாது.

பரீதா அதை உம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் வீட்டில் சத்தமே இல்லை. மரத்தடியில் தேத்தண்ணி இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். ஏச்சுக்கூட இல்லாத பின்னேரம் எவ்வளவு நீளம் என்று அந்த மூன்று நாளில்தான் எனக்குத் தெரிந்தது. மாமிக்கு அது பூமரம் மட்டுமா? அதைத் தறித்துவிட்டால் அவர் என்னோடு எப்படிக் கதைப்பார்? அது எனக்கு விளங்கியது. ஆனாலும் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

நாலாம் நாள் யூரியா மூட்டையைக் காணவில்லை. பரீதாவைக் கேட்டேன். "எலி கொண்டு போயிருக்கும்," என்றாள். ஐம்பது கிலோ மூட்டை. ஒரு கிழமை கழித்து, அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், என் சிமெந்து வாய்க்காலுக்குக் குறுக்கே மண் அணை. தண்ணீர் முழுவதும் வாழைக்குப் போகிறது.

எனக்குக் கோபம். மாமியோடு நேரே கதைக்க முடியாது. வேறு வழியில்லாமல் நானும் மரத்தின் முன்னால் போய் நின்றேன்.

"கேட்டியா மரம்," என்றேன் சத்தமாக. "உன்ட தண்ணிய ஆரோ களவெடுத்து வாழைக்குக் குடுக்காங்க. நியாயமா இது?"

குசினி யன்னலிலிருந்து உடனே பதில் வந்தது. "மரம், அவருக்குச் சொல்லு. உனக்கு வயிறு நிறைஞ்சி இருக்கு. வயிறு நிறைஞ்சவன் படுத்துத் தூங்குவான், எழும்பிப் பூக்கமாட்டான்."

"மரம், நான் இருவது ஏக்கர் வெள்ளாம செய்யிறவன். தண்ணி கட்ட எனக்கு ஒருத்தரும் படிச்சித் தரத் தேவல்ல."

"மரம், நீ நெல்லா? உன்ன வெட்டி மூட்ட கட்டி மில்லுக்குக் கொண்டு போகப் போறாரா? யூரியா இலைக்குத்தான். பூவுக்குக் காயணும். ரோட்டோரத்துல நிக்கிற மரத்துக்கு ஆரு தண்ணி ஊத்துற? அது பூக்கல்லயா?"

"மரம், காய விட்டு நீ செத்துப்போனா?"

"மரம், காய்ஞ்சு செத்தாத்தானே? கோடாலிக்குச் சாகப்போற உனக்கு இது பெரிசா?"

பரீதா முற்றத்துக்கும் குசினிக்கும் நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேரும் சேந்து அந்த மரத்த விசர்ப் பைத்தியமாக்கப் போறீங்க!" மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. இலை மடங்கத் தொடங்கியது. "கதைச்சது காணும், மரம் தொழப் போயித்து," என்று யன்னல் சாத்தப்பட்டது. அணையை நான் உடைக்கவில்லை.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு மரம் தானே தேடிக்கொள்ளும் என்பதை அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது கேட்பவர்களுக்கு நானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லுகிறேன். மாமி அதன்பிறகு மரத்துக்குக் கொடுத்தது அடுப்புச் சாம்பல் மட்டும்தான். கிழமைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய, தண்டில் படாமல் கிளை நிழல் விழும் எல்லை வரைக்கும் தூவிவிடுவார்.

பெரும்போக நெல் வெட்டு முடிந்தது. வெயில் ஏறியது. மரம் இலையைக் கொட்டியது. மாசியில் மஞ்சளாகி, பங்குனியில் பாதி போய், சித்திரையில் எலும்புக்கூடு. இதற்கு முந்திய வருடங்களில் அது இப்படிக் கொட்டியதே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. லாபீர் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "மச்சான், காய்ஞ்ச விறகுதான் எனக்கும் நல்லம்," என்பான். மே மாதம் முதலாம் கிழமை போயிற்று, இரண்டாம் கிழமை போயிற்று. கொப்பு நுனிகளில் பச்சை உருண்டைகள் மாதிரி என்னவோ இருந்தது. இளந்தளிர் என்று நினைத்தேன். நெல்லைப் பார்த்த கண்ணுக்கு அது மொட்டு என்று எப்படித் தெரியும்? மாமிக்கோ அவ்வளவு உயரம் கண் எட்டாது.

மே மாதத்துக் கடைசி நாள் காலை. லாபீர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் கடையிலிருந்த நாலைந்து பேர். நான் சாரத்தை மடித்துக் கட்டினேன். முதல்நாளே தீட்டி வைத்த கோடாலி. மாமி வீட்டுக்குள் இல்லை. மரத்துக்கு அப்பால் வளவு மூலையில் கூட்டும் சத்தம் கேட்டது. அந்தக் காலையிலும் அவர் கூட்டிக்கொண்டுதான் இருந்தார். பரீதா கதவில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான், கையக் காட்டு," என்றான் லாபீர். "நடுங்குதா எண்டு பாப்பம்."

"தள்ளி நில்லுடா. மரம் விழுற பக்கம் தெரியாம நிக்காத."

கோடாலியைத் தூக்கினேன். தோளுக்கு மேலே போய்விட்டது.

"மகன்! நில்லுங்க!"

மரத்துக்கு மறுபக்கத்திலிருந்து மாமி ஓடி வந்தார். ஒரு கையில் விளக்குமாறு. மறு கையில் என்னவோ. முக்காடு விழுந்து தோளில் கிடந்தது. இழுத்துவிட இரண்டு கையும் ஒழிவில்லை. என் முகத்துக்கு நேரே வந்து, அந்தத் தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து என் கண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு இதழ். சிவப்பு. அதன் நடுவில் வெள்ளை, வெள்ளையில் சிவப்புப் புள்ளி. கூட்டிய குப்பைக்குள் கிடைத்தது.

"மேல பாருங்க, மகன்."

எல்லோரும் மேலே பார்த்தோம். உச்சிக் கொப்பில், மேற்குப் பக்கம், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பக்கத்து வளவுக்காரருக்குத் தெரியும்படி, ஒரு கொத்துப் பூ விரிந்திருந்தது. பச்சை உருண்டைகளில் பல வெடித்துச் சிவப்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

நான் கோடாலியை இறக்கினேன். அப்போதுதான் மாமிக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. மருமகனின் முகத்துக்கு முன்னால், ஆம்பிளைகள் நடுவில், தலை மூடாமல். முகம் வெளிறிப் போயிற்று. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அறைக்கதவு சாத்திய சத்தம் கேட்டது.

லாபீருக்குப் பூ மறந்துவிட்டது. "மச்சான்! மாமி உன்ட முகத்தப் பாத்துக் கதைச்சிட்டா! மகன் எண்டுட்டா!" என்றான். அவன் கண் ஏற்கெனவே தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டது. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் ஊர் முழுக்கத் தெரியும். இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்த மரியாதை ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு ஊர்வாயில் கரையப் போகிறது.

என்னை மகன் என்று அழைத்தார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமலா? என் உம்மா நான் வரம்பு கட்டப் போன வயதிலேயே மவுத்தாகிவிட்டார். அதற்குப்பிறகு அந்தச் சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை. சாதாரணமாக நான் சும்மா இருக்கும் ஆளும் இல்லை.

"எனக்கிட்ட எங்கடா கதைச்சா?" என்றேன். "மரத்துக்கிட்டச் சொன்னா. மகன் எண்டது மரத்துட பேரு."

"மரத்துக்கா?"

"மரத்த நில்லுங்க எண்டா. நிக்குதா இல்லயா, பாரு."

லாபீர் மரத்தைப் பார்த்தான். நின்றுகொண்டுதான் இருந்தது.

"மரத்துக்கு நீங்க, வாங்க எண்டு மரியாதயா?"

"பூத்த மரத்துக்கு மரியாத குடுக்கணும்டா. பூக்காத மரத்தத்தான் நீ எண்டுற."

"மேல பாருங்க எண்டாவே? மரம் எப்பிடி மேல பாக்கும்?"

"இவ்வளவு உயரத்துக்கு வளந்தது கீழ பாத்தா?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். லாபீர் தலையைச் சொறிந்தான். வெறுந் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். கடையில் அவன் சொன்னது மரம் பூத்த கதை மட்டும்தான். என் மச்சான் முழு மடையன் இல்லை. அவனுக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த கிழமை மரம் முழுக்கத் தீ. பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கும் பேர் மாறியது. நான் நினைத்த மாதிரி அல்ல. "மாமிட மரத்து ஊடு" என்றார்கள். இன்றைக்கும் அப்படித்தான். சிப்பி மதிலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்வதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பூத்த அன்றைய பின்னேரத்தை. வழக்கம்போலத் தேத்தண்ணி மரத்தடியில் இருந்தது. போய் உட்கார்ந்தேன். குசினி யன்னலில் முக்காடு தெரிந்தது. காலையில் நான் லாபீருக்குச் சொன்னதையெல்லாம் அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறார். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"கேட்டீங்களா மகன்," என்றார் மாமி, மரத்தைப் பார்த்து. "தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். மகன் வெயிலுக்குள்ள நிக்காதீங்க, மகன் ஏன் முகம் வாடியிருக்கு, மகன் இரும்பைத் திண்டாலும் வயசு போகுது பாத்து நடங்க. ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு முன் மரத்துக்குச் சொன்னார். பேர் வைத்தது நான்தானே, யார் என்ன சொல்ல முடியும்?

மரத்துக்கு வாய் இல்லை. ஆகவே ஒவ்வொரு தடவையும் அதற்காக நான்தான் பதில் சொன்னேன்.

"ஓம், உம்மா."